உப்புக்குள் ஒளிந்த நெருப்பு

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டு ரசத்தில் உப்பு இல்லை. போட மறந்தவள் என் மனைவி. கண்டுபிடித்தவன் நான். கடைசியில் அகப்பட்டுக் கொண்டு விழித்தவனும் நானேதான்!

விஷயம் இதுதான். "உப்புக் கொண்டா!" என்று நான் போட்ட சத்தத்துக்கு, விடுமுறைக்கு வந்திருந்த என் அக்காள் மகள் மைதிலி உப்பு ஜாடியோடு வந்து நின்றாள். பத்தாம் வகுப்புப் படிக்கிறவள். ஜாடியை உடனே கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை.

"மாமா, உப்புங்கறது சோடியம் க்ளோரைடுதானே?"

"ஆமாம். அதுக்கென்ன இப்போ?"

"சோடியத்தைத் தண்ணியிலே போட்டா சீறிக்கிட்டு வெடிக்கும்னு டீச்சர் சொன்னாங்க. க்ளோரின் விஷ வாயுவாம். அந்த ரெண்டையும் சேர்த்து ரசத்துலே போட்டு தினமும் சாப்பிடறோமே. நமக்கு ஏன் மாமா ஒண்ணும் ஆகலை?"

எனக்கு ரசம் ஆறிப் போயிற்று. "அதானே! நல்லாக் கேட்டே!" என்று சமையலறையிலிருந்து என் மனைவி வேறு ஒத்து ஊதினாள். உப்புப் போட மறந்த குற்றம் அத்தோடு அடிபட்டுப் போயிற்று.

குழந்தை கேட்டது சாமானியக் கேள்வி அல்ல. நூற்று முப்பது வருஷங்களுக்கு முன் பெரிய பெரிய ரசாயனப் பேராசிரியர்களே இதே கேள்வியைக் கேட்டு மல்லுக்கு நின்றிருக்கிறார்கள். ஆகவே இந்த வாரம் நாம் உப்பு ஜாடிக்குள்தான் எட்டிப் பார்க்கப் போகிறோம்.

முதலில் அந்த இரண்டு பேர்வழிகளின் பூர்வோத்தரத்தைத் தெரிந்து கொள்வோம்.

சோடியத்தை முதன் முதலில் தனியாகப் பிரித்தவர் ஹம்ப்ரி டேவி என்ற ஆங்கிலேயர். 1807-ம் வருஷம் அக்டோபர் மாதம், லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில், முதலில் பொட்டாசியத்தைப் பிரித்தார். அந்த ஆனந்தத்தில் அறை முழுவதும் குதித்துக் கூத்தாடினாராம். சில நாட்கள் கழித்து, உருக்கிய காஸ்டிக் சோடாவில் மின்சாரத்தைச் செலுத்திச் சோடியத்தையும் பிரித்து விட்டார். வெள்ளி மாதிரி பளபளக்கும் உலோகம். ஆனால் கத்தியால் வெண்ணெயை அறுக்கிற மாதிரி அறுத்து விடலாம். தண்ணீரில் போட்டால் மூழ்காது. மேலே மிதந்தபடியே உருண்டு, சீறி, ஓடும். துண்டு பெரிதானால் வெடிக்கும். காற்றுப் படாமல் இருப்பதற்காக மண்ணெண்ணெய்க்குள் போட்டு வைக்கிறார்கள். அப்படிப்பட்ட முன்கோபி!

க்ளோரின் இன்னும் மோசம். ஷீலே என்ற ஸ்வீடன் தேசத்து மருந்துக் கடைக்காரர் 1774-ல் இதைக் கண்டுபிடித்தார். மஞ்சள் கலந்த பச்சை நிறம். மூக்கைத் துளைக்கும் நெடி. 1915-ம் வருஷம் ஏப்ரல் 22-ந் தேதி பெல்ஜியத்தில் ஈப்ர என்ற ஊருக்கு அருகே ஜெர்மன் படையினர் க்ளோரின் உருளைகளைத் திறந்து விட்டார்கள். எதிரே பதுங்கு குழிகளில் இருந்த சிப்பாய்கள் மூச்சுத் திணறிச் செத்து விழுந்தார்கள்.

இந்த முன்கோபியையும் இந்தக் கொலைகாரனையும் ஒரு கண்ணாடிப் பாத்திரத்தில் சந்திக்க வைத்தால் என்ன ஆகும்? கண்ணைப் பறிக்கும் மஞ்சள் ஒளியோடு எரியும். எரிந்து அடங்கியதும் பாத்திரத்தில் வெள்ளையாகக் கொஞ்சம் தூள் மிஞ்சும். அதுதான் உப்பு. ரசத்துக்குப் போடும் அதே உப்பு!

அந்த ஒரு நிமிஷத்தில் என்ன நடந்தது? ஒரே ஒரு எலெக்ட்ரான் கை மாறிற்று. அவ்வளவுதான்.

* * *

மைதிலிக்கு நான் கல்யாணப் பந்தியை வைத்துத்தான் சொன்னேன். உங்களுக்கும் அப்படியே சொல்கிறேன்.

ஓர் அணுவின் நடுவே கரு இருக்கிறது. அதில் நேர் மின்சாரம். சுற்றிலும் எலெக்ட்ரான்கள், அவற்றுக்கு எதிர் மின்சாரம். இந்த எலெக்ட்ரான்கள் கண்ட இடத்தில் உட்கார முடியாது. வரிசை வரிசையாகப் பந்தி போட்டிருக்கிறது. கருவுக்குப் பக்கத்தில் உள்ள முதல் பந்தியில் இரண்டே இலை. அடுத்த பந்தியில் எட்டு இலை. மூன்றாவது பந்தியிலும், நம்முடைய இன்றையக் கதைக்கு, எட்டு இலை என்று வைத்துக் கொள்ளுங்கள்.

சோடியத்துக்கு 11 எலெக்ட்ரான்கள். முதல் பந்தியில் 2, இரண்டாவதில் 8. ஆக, பத்துப் பேர் உட்கார்ந்தாயிற்று. பதினோராவது ஆசாமி மூன்றாவது பந்தியில் தன்னந்தனியாக உட்கார்ந்திருக்கிறான்.

க்ளோரினுக்கு 17. இரண்டு, எட்டு, ஏழு. கடைசிப் பந்தியில் ஏழு இலையில் ஆள் இருக்கிறது; ஓர் இலை காலி.

"சோடியத்திலே தனியா உக்காந்திருக்கறவன் எழுந்து வந்து இங்கே உக்காந்துட்டா, ரெண்டு பக்கமும் சரியாப் போயிடுமே!" என்றாள் மைதிலி.

சபாஷ்! அதுதான் சங்கதி. அப்படி மாறிய பிறகு சோடியத்துக்கு 10 எலெக்ட்ரான்கள். பந்திகள் இரண்டும் நிறைந்து விட்டன. க்ளோரினுக்கு 18, மூன்று பந்திகளும் நிறைந்து விட்டன. பத்து எலெக்ட்ரான்கள் உள்ள நியானும், பதினெட்டு உள்ள ஆர்கானும் எப்படிப்பட்டவை தெரியுமா? எதோடும் ஒட்டாமல், எவரோடும் சண்டை போடாமல், தன்பாட்டில் இருக்கும் பரம சாதுக்கள். ஆர்கானை 1894-லும் நியானை 1898-லும் கண்டுபிடித்தார்கள். இந்த சாதுக்களைப் பார்த்துத்தான் 1916-ம் வருஷத்தில் ஜெர்மனியில் கோஸெலும் அமெரிக்காவில் லூயிஸும் தனித்தனியே யோசித்து ஒரே முடிவுக்கு வந்தார்கள்: கடைசிப் பந்தி நிறைந்து விட்டால் அணுவுக்கு அமைதி. அந்த அமைதியைத் தேடித்தான் சில அணுக்கள் எலெக்ட்ரானைக் கொடுக்கின்றன, சில வாங்குகின்றன.

சோடியம் ஒன்றைக் கொடுக்கும். மெக்னீஷியம் இரண்டைக் கொடுக்கும். அலுமினியம் மூன்றைக் கொடுக்கும். பிராண வாயு இரண்டை வாங்கும். இப்படிக் கொடுத்தோ வாங்கியோ மின்சாரம் ஏறிய அணுவுக்கு 'அயனி' என்று பெயர். சோடியம் ஓர் எதிர் மின்சாரத்தை இழந்ததால் நேர் அயனி. க்ளோரின் ஒன்றைப் பெற்றதால் எதிர் அயனி.

இங்கே ஓர் எச்சரிக்கை. பந்தி, இலை என்றெல்லாம் சொன்னது நமது சௌகரியத்துக்காக. எலெக்ட்ரான்கள் உண்மையில் சம்மணம் போட்டு ஓரிடத்தில் உட்கார்ந்திருப்பதில்லை. கருவைச் சுற்றி மேகம் போல் படர்ந்திருக்கின்றன. அணுவுக்கு ஆசையும் கிடையாது, அமைதியும் கிடையாது. சாதுக்கள் என்றேனே, அவர்கள் கூட முழுச் சாதுக்கள் அல்ல. 1962-ல் நீல் பார்ட்லெட் என்பவர் கனடாவில் ஸெனான் வாயுவையே வேறொன்றோடு கூட்டுச் சேர வைத்துக் காட்டினார். அதுவரை அந்த வாயுக்கள் எதோடும் சேரவே சேராது என்றுதான் பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்து வந்தார்கள்.

அணுவுக்கு ஆசை கிடையாது என்றால், எலெக்ட்ரான் ஏன் கை மாற வேண்டும்? எல்லாம் வரவு செலவுக் கணக்குத்தான்!

* * *

சோடியம் தன் எலெக்ட்ரானைத் தர்மப் பிரபு மாதிரி சும்மா தூக்கிக் கொடுப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். இல்லவே இல்லை. அதைப் பிடுங்க வேண்டும். பிடுங்குவதற்குச் செலவு செய்ய வேண்டும். அணுக்களின் உலகில் சக்தியை எலெக்ட்ரான் வோல்ட் என்ற கணக்கில் அளக்கிறார்கள். அதை ரூபாய் என்று வைத்துக் கொண்டு கணக்கைப் போடுவோம்.

சோடியத்தின் கடைசி எலெக்ட்ரானைப் பிடுங்க 5 ரூபாய் 14 காசு செலவு. கருவில் 11 நேர் மின்சாரம் இருந்தாலும், நடுவில் பத்து எலெக்ட்ரான்கள் மறைத்துக் கொண்டு நிற்பதால் கடைசி ஆளின் மேல் பிடி தளர்ந்து போயிருக்கிறது. அதனால்தான் இந்த மலிவு விலை. இன்னொன்றையும் பிடுங்கலாம் என்று கை வைத்தால் என்ன விலை தெரியுமா? 47 ரூபாய்க்கு மேல்! ஒன்பது மடங்கு! ஏனென்றால் அந்த ஆசாமி உள் பந்திக்காரன். கருவின் பிடியில் கெட்டியாக இருக்கிறான். சோடியம் ஏன் ஒன்றோடு நிறுத்திக் கொள்கிறது என்பதற்கு இதுதான் காரணம். பந்தி நிறைகிற பெருமைக்காக அல்ல, விலை கட்டாது!

அந்த எலெக்ட்ரானை க்ளோரின் வாங்கிக் கொள்ளும்போது 3 ரூபாய் 61 காசு திரும்பக் கிடைக்கிறது. செலவு 5.14, வரவு 3.61. ஆக, 1 ரூபாய் 53 காசு நஷ்டம்!

"நஷ்டத்துக்கு யாராவது வியாபாரம் பண்ணுவாங்களா மாமா?" என்றாள் மைதிலி.

பண்ண மாட்டார்கள். இனிமேல்தான் லாபம். நேர் மின்சாரமும் எதிர் மின்சாரமும் ஒன்றையொன்று இழுக்கும் அல்லவா? இரண்டு அயனிகள் மட்டுமா? கோடானு கோடி அயனிகள் திரண்டு வந்து, ஒவ்வொரு சோடியத்தைச் சுற்றி ஆறு க்ளோரின், ஒவ்வொரு க்ளோரினைச் சுற்றி ஆறு சோடியம் என்று அணிவகுத்து நின்று விடுகின்றன. அந்த நெருக்கத்தில் ஒவ்வொரு ஜோடிக்கும் 8 ரூபாய்க்குச் சற்று மேலேயே கிடைக்கிறது. நஷ்டத்தைக் கழித்தாலும் ஆறரை ரூபாய் நிகர லாபம். அந்த லாபம் எங்கே போகிறது? பாத்திரத்தில் பளீரென்று எரிந்ததே மஞ்சள் ஒளி, அதிலும் சூட்டிலும்தான் போகிறது.

இந்த அணிவகுப்பை 1913-ல் இங்கிலாந்தில் பிராக் என்ற தகப்பனாரும் பிள்ளையும் எக்ஸ்-ரே கதிர்களைக் கொண்டு கண்டுபிடித்தார்கள். உப்பில் சோடியம் ஒன்று, க்ளோரின் ஒன்று என்று தனித் தனி ஜோடியே கிடையாது; எல்லாம் சதுரங்கப் பலகை மாதிரி மாறி மாறி இருக்கிறது என்றார்கள். அதைக் கேட்டு ஆர்ம்ஸ்ட்ராங் என்ற முதிய ரசாயனப் பேராசிரியருக்குப் பொறுக்கவில்லை. பதினான்கு வருஷம் கழித்தும் கோபம் தணியாமல், 1927-ல் உப்புக்காகப் பரிந்து பேசி, 'நேச்சர்' பத்திரிகைக்குக் காரசாரமாகக் கடிதம் எழுதினார். ஆனால் உப்பு பிராக் பக்கம்தான் நின்றது.

* * *

மைதிலியின் கேள்விக்குப் பதில் இன்னும் பாக்கி இருக்கிறது. உப்பைத் தண்ணீரில் போட்டால் கரைகிறது. அணிவகுப்புக் கலைந்து, சோடியமும் க்ளோரினும் தனித்தனியே உலாவுகின்றன. சோடியம் தனியாகி விட்டால் தண்ணீரோடு சண்டை போட வேண்டாமா?

இதைத்தான் அன்றைக்குப் பேராசிரியர்கள் கேட்டார்கள். ஸ்வீடனில் உப்ஸாலா சர்வகலாசாலையில் ஸ்வாண்டே அர்ரேனியஸ் என்ற இளைஞர் 1884-ல் ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை எழுதினார். உப்புக் கரைந்த தண்ணீரில் மின்சாரம் பாய்கிறதே, அது எப்படி என்பது விஷயம். அந்த ஆராய்ச்சி வளர்ந்து 1887-ல், உப்புத் தண்ணீரில் கரைந்ததுமே மின்சாரம் ஏறிய துணுக்குகளாகப் பிரிந்து விடுகிறது என்று அடித்துச் சொன்னார். 1884-ல் அவருடைய கட்டுரைக்குப் பேராசிரியர்கள் மிகக் குறைந்த தரத்தில்தான் தேர்ச்சி கொடுத்தார்கள். சோடியம் தண்ணீருக்குள் தனியே திரிகிறதாம், தீப்பிடிக்கவில்லையாம், நல்ல வேடிக்கை என்று பலர் சிரித்தார்கள். எலெக்ட்ரான் என்ற ஒன்றையே அப்போது யாரும் கண்டுபிடித்திருக்கவில்லை. தாம்சன் அதைக் கண்டது 1897-ல். சிரித்தவர்களெல்லாம் வாயை மூடிக் கொள்ளும்படி 1903-ல் அதே அர்ரேனியஸுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

பதில் இதுதான். சோடியம் அணு வேறு. சோடியம் அயனி வேறு. சோடியம் தண்ணீரோடு சண்டை போடுவதே அந்தக் கடைசி எலெக்ட்ரானைத் தள்ளி விடுவதற்காகத்தான். தள்ள வேண்டியதை முன்பே தள்ளி விட்டவனுக்குச் சண்டை எதற்கு? க்ளோரின் நுரையீரலை அரிப்பது எலெக்ட்ரானைப் பறிப்பதற்காகத்தான். பறிக்க வேண்டியதைப் பறித்து விட்டவனுக்கு நம் நுரையீரலில் என்ன வேலை? உப்பில் இருந்த நெருப்பு, அது உப்பாகும்போதே எரிந்து தீர்ந்து விட்டது. அந்த நெருப்பை மறுபடியும் பார்க்க வேண்டுமானால், டேவி செய்தது போல் மின்சாரத்தைச் செலுத்தி, போன எலெக்ட்ரானைச் சோடியத்துக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

"அப்போ ரசத்துக்கு உப்புப் போட்டுக்கலாம்!" என்று மைதிலி ஜாடியை நீட்டினாள்.

* * *

நானும் போட்டுக் கொண்டேன். ஆனால் அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. என் பாட்டியின் ஞாபகம் வந்து விட்டது.

பாட்டிக்கு மூத்ததாக ஓர் ஆண் குழந்தை இருந்ததாம். நாடு சுதந்திரம் அடைவதற்கு ரொம்ப முந்திய காலம். குழந்தைக்கு மூன்று வயது. ஊரில் வாந்திபேதி பரவிற்று. காலையில் ஆரம்பித்தது, சாயங்காலத்துக்குள் கண் குழி விழுந்து, தோல் சுருங்கி, கிழவன் மாதிரி ஆகி விட்டதாம் குழந்தை. "தண்ணி, தண்ணி" என்று கேட்டதாம். தண்ணீர் கொடுத்தால் பேதி அதிகமாகும், கொடுக்காதே என்று பெரியவர்கள் தடுத்து விட்டார்கள். விடிவதற்குள் எல்லாம் முடிந்து போயிற்று. தொண்ணூறு வயது வரை இருந்தாள் பாட்டி. கடைசி வரையில், "கேட்டப்போ ஒரு வாய் தண்ணி கொடுக்கலையே" என்றுதான் சொல்லிக் கொண்டிருந்தாள்.

பாட்டி, நீ தண்ணீர் மட்டும் கொடுத்திருந்தாலும் போதியிருக்காது. அதைத்தான் பிற்பாடு விஞ்ஞானம் கண்டுபிடித்தது.

காலராக் கிருமியின் விஷம் குடல் சுவரைக் கொன்று விடுவதில்லை. க்ளோரின் அயனிகளை உள்ளேயிருந்து குடலுக்குள் கொட்டும்படி செய்து விடுகிறது. எதிர் அயனி போனால் நேர் அயனியான சோடியம் அதன் பின்னாலேயே போகிறது. அயனிகள் போன இடத்துக்குத் தண்ணீரும் போகிறது. இப்படித்தான் உடம்பு சில மணி நேரத்தில் வற்றிப் போகிறது. இழந்த சோடியத்தை உள்ளே அனுப்பினால் தண்ணீரும் கூடவே உள்ளே போகும். ஆனால் வெறும் உப்புத் தண்ணீரைக் குடல் சரியாக வாங்கிக் கொள்வதில்லை.

குடல் சுவரில் ஒரு விசேஷமான வாசல் இருக்கிறது. குளூக்கோஸும் சோடியம் அயனியும் சேர்ந்து வந்தால்தான் அந்தக் கதவு திறக்கும். ராபர்ட் கிரேன் என்ற அமெரிக்க விஞ்ஞானி 1960-ல் இதைச் சொன்னார். காலராவின் விஷம் வேறு எதைக் கெடுத்தாலும் இந்த வாசலை மட்டும் கெடுப்பதில்லை! 1968-ல் டாக்காவில் டேவிட் நாலின், ரிச்சர்ட் காஷ் என்ற இரண்டு இளம் டாக்டர்கள், காலரா நோயாளிகளுக்கு உப்பும் குளூக்கோஸும் கலந்த தண்ணீரைக் குடிக்கக் கொடுத்துப் பலன் கண்டார்கள்.

1971-ல் பெரும் சோதனை வந்தது. வங்காளதேசப் போரின் போது எல்லை தாண்டி வந்த அகதிகள் மேற்கு வங்காளத்தில் போன்காவ் முகாமில் குவிந்தார்கள். காலரா பற்றிக் கொண்டது. ஊசி மூலம் ஏற்றும் சலைன் தீர்ந்து கொண்டிருந்தது. அங்கே பொறுப்பில் இருந்த டாக்டர் திலீப் மஹலனபீஸ் துணிந்து ஒரு காரியம் செய்தார். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 22 கிராம் குளூக்கோஸ், மூன்றரை கிராம் சாப்பாட்டு உப்பு, இரண்டரை கிராம் சமையல் சோடா என்று பொட்டலம் கட்டச் சொன்னார். பீப்பாய்களில் கரைத்து, நோயாளியின் உறவினர்கள் கையிலேயே கொடுத்துக் குடிக்க வைக்கச் சொன்னார். அதற்கு முன் நூற்றுக்கு 30 பேர் வரை செத்துக் கொண்டிருந்த முகாமில், சாவு நூற்றுக்கு 4 பேருக்கும் கீழே இறங்கிற்று. தாய்மார்களின் கையும், உப்பும், சர்க்கரையும் செய்த வேலை அது. மஹலனபீஸ் 2022-ல் காலமானார். மறு வருஷம் பத்ம விபூஷண் விருது அவர் பெயருக்கு வந்தது. வாங்கிக் கொள்ள அவர் இல்லை.

அந்தக் கலவையைச் சற்றுத் திருத்தி, இன்று மருந்துக் கடைகளில் ஓ.ஆர்.எஸ். பொட்டலமாக விற்கிறார்கள். வீட்டில் ஒன்றை வாங்கி வையுங்கள். உறையில் போட்டிருக்கும் அளவு தண்ணீரில்தான் கரைக்க வேண்டும். பொட்டலம் கிடைக்காத நேரத்தில், காய்ச்சி ஆற வைத்த ஒரு லிட்டர் தண்ணீரில், டீஸ்பூனால் தலை தட்டிய ஆறு ஸ்பூன் சர்க்கரையும் அரை ஸ்பூன் உப்பும் கரைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். உப்பை மட்டும் அதிகமாக்கி விடாதீர்கள், அது ஆபத்து. கைக்குழந்தைக்குத் தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். குழந்தை சோர்ந்து விழுந்தாலோ, குடிப்பதெல்லாம் வாந்தியானாலோ ஒரு நிமிஷமும் தாமதிக்காமல் டாக்டரிடம் தூக்கிக் கொண்டு ஓடுங்கள்.

அந்தக் குடல் வாசல் சோடியம் அணுவுக்குத் திறக்காது. ஓர் எலெக்ட்ரானை இழந்து விட்டு வருகிற சோடியத்துக்குத்தான் திறக்கும். அந்த ஒற்றை எலெக்ட்ரான் கணக்கில் எத்தனை குழந்தைகளின் உயிர் அடங்கியிருக்கிறது, பாருங்கள்!

இவ்வளவையும் கேட்டு விட்டு மைதிலி கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு உப்பு ஜாடியைக் கொண்டு போய் இருந்த இடத்தில் வைத்து விட்டுத் திரும்பி வந்தாள்.

"மாமா, கரி அணுவுக்குக் கடைசிப் பந்தியிலே நாலு பேராமே. அது கொடுக்கறதா, வாங்கறதா?"

இரண்டும் இல்லை. அது பங்கு போட்டுக் கொள்ளும். ஆனால் அது இன்னொரு வாரத்துக்கு. அன்றைக்கு மோர் சாதமாவது சூடு குறையாமல் சாப்பிடலாம் என்று பார்த்தேன். மோர் சாதத்துக்கு ஏது சூடு என்று கேட்டு விட்டாள் என் மனைவி!